மலையகத்தில் மேட்ச் ஸ்கோர்: டிஷ்ஷா, டேட்டாவா, ரேடியோவா?

எங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், ஐந்தாம் காம்பராவுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம் நிற்கிறது. அதன் அடியில் நின்றால் போனில் இரண்டு கோடு சிக்னல் வரும். நாலடி தள்ளி வந்தால் அதுவும் போய்விடும். மேட்ச் நாட்களில் அந்த மரத்தடியில் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். மழை வந்தால் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் ஆட்களுக்குக் கிரிக்கெட் மேல் எவ்வளவு ஆசை என்று யாராவது கேட்டால் நான் அந்த மரத்தைத்தான் காட்டுவேன்.

போன மாதம் சித்தப்பா மகன் வந்தான். "அண்ணே, கையில கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு. டிஷ் பூட்டுறதா, இல்ல மாசாமாசம் டேட்டா போட்டு போன்லயே பார்க்கிறதா? எது நல்லம்?" என்று கேட்டான். கொழும்பில் இருப்பவன் கேட்டிருந்தால் ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பேன். பொகவந்தலாவைப் பக்கம் மலைச்சரிவில் இருப்பவனுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. இங்கே சிக்னலை மலை மறைக்கும், மழை மறைக்கும், கரண்டும் நினைத்தபோது போகும். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஹட்டன், மஸ்கெலியா, லிந்துலை, பதுளை என்று மலையில் எங்கே இருப்பவருக்கும் இது உதவும்.

முதலில் ஒரு விஷயம். மேட்ச் பார்ப்பது வேறு, ஸ்கோர் தெரிந்துகொள்வது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலரும் காசைச் செலவழித்துவிட்டுக் கடைசி ஓவரில் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறார்கள். நான் இங்கே தேடுவது, காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கிற நேரத்திலும் சரியான ஸ்கோரைச் சொல்லிக்கொண்டிருக்கிற வழியை. படம் கிடைத்தால் சந்தோஷம். ஆனால் அது இரண்டாவதுதான்.

டிஷ்ஷில் இருந்தே தொடங்குவோம். மலையில் இருப்பவர்கள் டிஷ்ஷை விரும்புவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. கூரை மேல் கட்டுகிற சாதாரண அன்டெனாவுக்கு வரும் அலை நேர்கோட்டில் போவது. அரசாங்கத் தொலைக்காட்சியான ரூபவாஹினியின் கோபுரம் நாட்டிலேயே உயரமான பிதுருதலாகல மலையில், 2,524 மீட்டர் உச்சியில் நிற்கிறது. அப்படியிருந்தும் பள்ளத்தில் இருக்கிற ஒரு தோட்டத்து டிவிஷனுக்கும் அதற்கும் நடுவில் இன்னொரு மலை வந்துவிட்டால் திரையில் புள்ளிதான் விழும். டிஷ்ஷுக்கு அலை அனுப்புகிற செய்மதிக்கு அந்தத் தொல்லை குறைவு. அது பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே டிஷ் வானத்தை நன்றாக அண்ணாந்து பார்க்கும். வீட்டுக்குப் பின்னால் மலை இருந்தாலும் பெரும்பாலும் மறைக்காது.

மறைப்பது மழை. கனத்த மழைத்துளிகள் செய்மதி அலையை உறிஞ்சிவிடும். தூறலுக்கு ஒன்றும் ஆகாது, கொட்டுகிற மழைக்குப் படம் உறைந்து நிற்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கினிகத்தேனை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை நனைக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று பதுளை, பண்டாரவளைப் பக்கம் கொண்டுவந்து கொட்டுகிறது. டிஷ் பூட்ட நினைப்பவர், தான் பார்க்க ஆசைப்படும் தொடர் எந்த மாதத்தில் நடக்கிறது, அந்த மாதத்தில் தன் பக்கம் எப்படி மழை பெய்யும் என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, ஒளிபரப்பு உரிமை. ஒரு தொடர் ஒரு சேனலில் வரும், அடுத்தது வேறொரு சேனலுக்குப் போய்விடும். "எத்தனை சேனல் வரும்?" என்று கடையில் கேட்பதால் பயனில்லை. "வரப்போகிற தொடர் எந்தச் சேனலில் வருகிறது, அந்தச் சேனல் நான் எடுக்கிற பேக்கேஜில் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். அப்புறம் கரண்ட். கரண்ட் போனால் டிஷ்ஷும் போச்சு. 1996 மார்ச் 17, லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 அடித்து உலகக் கிண்ணத்தை எடுத்துத் தந்த அன்று எங்கள் லயத்தில் கரண்டே இல்லை. கார் பெட்டரியில் ஓடிய ஒரே ஒரு சின்ன டீவியைச் சுற்றி மொத்த லயமும் உட்கார்ந்திருந்ததாக அப்பா இன்றும் சொல்வார். அன்று பெட்டரி தாங்கியது. இப்போது பெரிய திரை, செட் டாப் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து மாற்று ஏற்பாடு செய்வது சின்னச் செலவு இல்லை.

டேட்டா போட்டு வீடியோ பார்ப்பதைப் பற்றி அவ்வளவு எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் எங்கள் மலைக்கு அதுதான் கடைசித் தெரிவு. ஓரளவு தெளிவான படத்துக்கு ஒரு மணி நேரத்தில் அரை ஜிபிக்குக் குறையாமல் போகும். ஒரு நாள் போட்டி ஏழெட்டு மணி நேரம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதோடு படம் பிந்தி வரும். நெட்டில் வரும் வீடியோ சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. போன் இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் காட்டத் தொடங்கும். அதனால் மைதானத்தில் நடந்தது நம் கைக்கு வர அரை நிமிஷமோ அதற்கு மேலோ ஆகும். மேல் லயத்தில் டிஷ் வைத்திருப்பவர்கள் விக்கட் என்று கத்துவார்கள். எங்கள் போனில் அப்போதுதான் பந்து வீச்சாளர் நடந்து போய்க்கொண்டிருப்பார். சிக்னல் இரண்டு கோட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த அரை நிமிஷமும் இரண்டு நிமிஷமாகும்.

இதைவிட மோசமான ஒன்று, 'லைவ்' என்று போட்டு ஏமாற்றுகிற வீடியோக்கள். ஒருமுறை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்தோம். மூலையில் 'லைவ்' என்று சிவப்பில் எழுதியிருந்தது, ஸ்கோரும் ஓடியது. பந்து பிடித்தவரின் கை திரும்பிய விதத்தைப் பார்த்து ஒரு பையன்தான் கண்டுபிடித்தான். அது கம்ப்யூட்டர் விளையாட்டு. அதற்குள் ஒருவர் நூறு ரூபாய்க்கு ரீலோட் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்படி வருகிற லிங்கைத் தட்டி, கார்ட் நம்பர் கேட்டாலோ, போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டாலோ, வேறொரு செயலியை இறக்கச் சொன்னாலோ உடனே வெளியே வந்துவிடுங்கள். ஸ்கோர் காட்டுவதற்கு யாருக்கும் உங்கள் ஓடிபி தேவையில்லை. பந்தயம் கட்டச் சொல்லும் தளங்களும் அப்படித்தான். ஸ்கோர் இலவசம் என்று உள்ளே கூப்பிட்டு, சம்பள நாளில் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு விடும்.

சரி, வட்ஸ்அப் குழு? எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. கொழும்பில் கடையில் வேலை செய்கிற பையன்கள், கட்டாரில் இருக்கிற மச்சான் எல்லோரும் அதில் ஸ்கோர் போடுவார்கள். கூட இருந்து பார்ப்பது போன்ற சந்தோஷம் அதில்தான் கிடைக்கும். ஆனால் ஸ்கோருக்கு அதை நம்பியிருக்க முடியாது என்பதை 2023 செப்டெம்பர் 17 எனக்குக் கற்றுத்தந்தது. ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி, இலங்கையும் இந்தியாவும், கொழும்பில், ஞாயிற்றுக்கிழமை. மழையால் ஆட்டம் பிந்தித்தான் தொடங்கியது. எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. கொய்யா மரத்தடியில் இருந்து ஒரு பையன் ஓடி வந்து வாசலில் நின்று, "பன்னெண்டு, ஆறு!" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஓடிவிட்டான். அப்பா அதை ஆறு ஓவரில் 12 ஓட்டம் என்று எடுத்துக்கொண்டார். "மழைப் பிச்சில நின்று ஆடுறாங்க, பரவாயில்ல" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு நானே மரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். 12 ஓட்டத்துக்கு ஆறு விக்கட். இந்தியாவின் சிராஜ் ஒரே ஓவரில் நாலு பேரை அனுப்பியிருந்தார். 15.2 ஓவரில் 50க்கு எல்லோரும் ஆட்டமிழந்தார்கள், இந்தியா 6.1 ஓவரில் முடித்துவிட்டது. உள்ளே போய் அப்பாவிடம் அதைச் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

பையன் பொய் சொல்லவில்லை. குழுவில் வந்ததைத்தான் சொன்னான். ஓவர் எத்தனை, யார் ஆட்டமிழந்தார், எந்த நேரத்து ஸ்கோர் என்ற மூன்றும் அதில் இல்லை. மனிதர் வாய் வழியாகவும் விரல் வழியாகவும் வருகிற ஸ்கோரில் எப்போதும் ஏதாவது ஒன்று விடுபடும். குழுவில் ஸ்கோர் போடுபவர்களிடம் எங்கள் வீட்டில் இப்போது ஒன்றைத்தான் கேட்கிறோம்: ஓட்டம், விக்கட், ஓவர் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்போது நான் முதலிடம் கொடுக்கிற வழிக்கு வருகிறேன். எழுத்தில் வரும் ஸ்கோர். ஈஎஸ்பிஎன் கிரிக்இன்ஃபோ, கிரிக்பஸ் போன்ற தளங்களில் பந்துக்குப் பந்து ஒரு வரி எழுதுவார்கள். கிரிக்இன்ஃபோ 1993இல் தொடங்கியதே ஊரை விட்டுத் தூரத்தில், டீவியில் கிரிக்கெட் வராத நாடுகளில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்காகத்தான். அன்றைய மெதுவான இணையத்தில் எழுத்து மட்டும்தான் போகும். அவர்கள் இருந்த நிலைமையும் கொய்யா மரத்தடியில் நிற்கிற எங்கள் நிலைமையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வரி எழுத்துக்கு வீடியோவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத அளவு டேட்டாதான் தேவை. ஒரு கோடு சிக்னலிலும் அது வந்து சேரும். நடுவில் அறுந்து போனாலும், திரும்ப வரும்போது விட்ட ஓவர்கள் எல்லாம் அப்படியே எழுதி வைத்திருக்கும். வீடியோவில் அறுந்தது போனதுதான்.

செயலியை இறக்கத் தேவையில்லை என்பவர்கள் கூகுளில் இரண்டு அணியின் பெயரைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ தட்டினாலே ஸ்கோர் மேலே வரும். அவசரத்துக்கு அது போதும். முழு மேட்ச்சையும் பின்தொடர அந்தத் தளங்களுக்கே போவதுதான் நல்லது.

இதில் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. போனில் பெட்டரி சேமிப்பு, டேட்டா சேமிப்பு இரண்டையும் போட்டு வைத்திருந்தால் விக்கட் விழுந்த அறிவிப்பு வராது. செயலி தூங்கிவிடும். மேட்ச் நாளில் அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். திரையில் ஸ்கோர் இருக்கிறது என்பதற்காக அது இப்போதைய ஸ்கோர் என்று நினைக்கக் கூடாது. சிக்னல் அறுந்த பிறகும் பழைய எண் அப்படியே நிற்கும். ஓவர் எண் நகர்கிறதா என்று பாருங்கள், நகரவில்லை என்றால் போனில் ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். அவுஸ்திரேலியத் தளங்களில் விக்கட்டை முதலில் எழுதுவார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நாம் 12/6 என்று எழுதுவதை அவர்கள் 6/12 என்று எழுதுவார்கள். சில நேரம் ஓர் ஆட்டக்காரரின் கணக்கில் ஓர் ஓட்டம் கூடிக் குறைவதும் உண்டு. மட்டையில் பட்டதா, காலில் பட்டதா என்று நடுவர் காட்டிய சைகையைப் பார்த்து மைதானத்தில் இருக்கும் ஸ்கோரர்கள் திருத்துவார்கள். அது பிழை இல்லை, அதுதான் சரியான ஸ்கோர். ஒரு பந்து கழித்துப் பாருங்கள்.

மழைக் கணக்கு என்று வரும்போது எழுத்து ஸ்கோருக்கு ஈடாக எதுவுமே இல்லை. மழையால் குறைந்த ஆட்டத்துக்கு வெற்றி இலக்கைக் கணக்கிடும் டக்வர்த் லூயிஸ் ஸ்டேர்ன் முறையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சமநிலை எண் உண்டு. ஆட்டம் அந்த இடத்தில் நின்றுபோனால், அந்த எண்ணில் இருந்தால் சமன், ஒன்று கூட இருந்தால் வெற்றி. அந்த ஒரு ஓட்டம் எவ்வளவு பெரியது என்பதற்கு 2003 மார்ச் 3, டர்பன். உலகக் கிண்ணத்தில் இலங்கை 268, தென்னாபிரிக்கா துரத்துகிறது, மழை வருகிறது. 45ஆவது ஓவரை வீசியவர் நம் முரளிதரன். ஐந்தாம் பந்தை பௌச்சர் ஆறுக்கு அடித்தார். 229. வெற்றிக்கு அது போதும் என்று அவருக்குத் தகவல் போயிருந்தது. கடைசிப் பந்தைத் தட்டி நிறுத்திவிட்டார். மழை கூடி ஆட்டம் நின்றது. 229 சமநிலை எண். சொந்த நாட்டில் நடந்த உலகக் கிண்ணத்தில் இருந்து தென்னாபிரிக்கா வெளியேறியது. மைதானத்துக்குள் இருந்தவர்களே தவறவிட்ட எண் அது. இன்று பந்துக்குப் பந்து எழுதும் பக்கத்தைத் திறந்தால் மழை நேரத்தில் அந்த எண்ணை நம் கையிலேயே பார்க்கலாம். கண்டிப் பக்கத்துப் பல்லேகலை மைதானத்தில் மேட்ச் என்றால் எனக்கு முதலில் அந்த எண்தான் வேண்டும். 2023இல் இந்தியா பாகிஸ்தான் ஆட்டம் அங்கே மழையில் பாதியோடு போனதை மறக்க முடியுமா?

இரண்டாவதாக, அதுவும் எழுத்துக்கு மிக நெருக்கமாக, நான் வைப்பது ரேடியோ. இரண்டு பெட்டரி போட்டால் நாள் கணக்கில் ஓடும், டேட்டா வேண்டாம், கரண்ட் வேண்டாம். 2022இல் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது வீட்டில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது ரேடியோவில் மட்டும்தான். எஃப்எம் அலையும் நேர்கோட்டில்தான் வரும். அதனால் வீட்டுக்குள் எந்த ஜன்னல் பக்கம் தெளிவாக எடுக்கிறது என்று ஒருமுறை நடந்து பார்த்துக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எஃப்எம் உள்ள போனாக இருந்தால் வயர் உள்ள இயர்போனைச் செருகுங்கள். அந்த வயர்தான் அதற்கு அன்டெனா, வயர் இல்லாத இயர்போனில் அது வேலை செய்யாது.

ரேடியோவில் நேரடி வர்ணனை எல்லா மேட்சுக்கும் வராது, அதுதான் குறை. வராத நாளில் தமிழ் எஃப்எம்களின் செய்தி நேரத்தைக் காத்திருக்க வேண்டும். ஆனால் வந்துவிட்டால் வேறு எதிலும் கிடைக்காத ஒன்று அதில் கிடைக்கும். 2010 ஜூலை 22, காலியில் முரளியின் கடைசி டெஸ்ட், கடைசி நாள். 792 விக்கட்டோடு வந்தவர் 799இல் நிற்கிறார். இன்னும் ஒன்று வேண்டும். இந்தியாவுக்கு மிச்சம் இருப்பதும் ஒரே விக்கட். வேறு யாராவது அதை எடுத்துவிட்டால் முடிந்தது. அப்பா அன்று தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலையில். மேல்சட்டைப் பையில் சின்ன ரேடியோ. பந்துக்குப் பந்து கத்தியை இறக்கிவிட்டுக் கேட்டதாகவும், பக்கத்து நிரையில் இருந்தவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றதாகவும் சொல்வார். ஓஜா அடித்தது மஹேலவின் கையில் விழுந்தபோது அந்த மலையில் எழுந்த சத்தம் தேயிலை ஸ்டோர் வரைக்கும் கேட்டதாம். மலையகத்துத் தோட்டக் குடும்பத்தில் இருந்து வந்த ஒருவர் 800 எடுத்த செய்தியைக் தேயிலை மலையில் நின்றே கேட்டவர் அவர். அதற்குப் பிறகு எத்தனை போன் வந்தாலும் அந்த ரேடியோவை அவர் கையை விட்டு வைத்ததில்லை.

பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு எஸ்எம்எஸ் ஸ்கோர் சேவைகள் உண்டு. நெட் வராத அளவு பலவீனமான சிக்னலிலும் எஸ்எம்எஸ் போய்ச் சேரும், அதனால் அடியோடு தள்ளிவிட மாட்டேன். ஆனால் கட்டணம் தினமும் வெட்டுகிறதா, எப்படி நிறுத்துவது என்று கேட்டுக்கொண்டு சேருங்கள்.

கிரிக்கெட் தவிர்ந்த விளையாட்டுகளுக்கும் இதே வரிசைதான். ராத்திரி ஐரோப்பியக் கால்பந்து பார்க்கிற பையன்கள் சோஃபாஸ்கோர், ஃபிளாஷ்ஸ்கோர் மாதிரி எழுத்து ஸ்கோரை வைத்துக்கொள்ளலாம். கோல் என்று வந்த பிறகு வீடியோ உதவி நடுவர் அதை நீக்கிவிடலாம், ஒரு நிமிஷம் பொறுத்துச் சந்தோஷப்படுங்கள். பாடசாலை ரக்பி, கிரிக்கெட் என்றால் தபபரே (ThePapare) விளையாட்டுச் செய்தித் தளத்தில் தமிழிலும் செய்தி வருகிறது. தோட்டத்து மென்பந்து மேட்சுக்கு மட்டும் இன்னும் நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

தம்பிக்குச் சொன்ன முடிவு இது. முதலில் ஒரு நல்ல சின்ன ரேடியோவும் நாலு பெட்டரியும் வாங்கு. போனில் எழுத்து ஸ்கோர்ச் செயலி ஒன்று போடு, அதில் சந்தேகம் வந்தால் ஒப்பிட இரண்டாவது ஒன்று. மாசாமாசம் பெரிய டேட்டாப் பேக்கேஜ் வேண்டாம், சின்னது போதும். எந்தக் கம்பெனி சிம் என்று என்னைக் கேட்காதே. உன் லயத்தில், உன் வீட்டு வாசலில் யாருடைய போனுக்குக் கோடு நிற்கிறது என்று பார்த்து அதையே போடு. ஒரு வளைவு தாண்டினால் பதில் மாறிவிடும். மிச்சக் காசை வைத்துக்கொள். அடுத்த பெரிய தொடர் எந்தச் சேனலில் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு, உன் சித்தி வீட்டோடு சேர்ந்து டிஷ் பூட்டலாம். உங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தானே.

அவன் ரேடியோ வாங்கிவிட்டான். பவர் பேங்க் ஒன்றும் சேர்த்து வாங்கியிருக்கிறான். அதை மேட்சுக்கு முதல் நாள் ராத்திரியே சார்ஜில் போடச் சொல்லியிருக்கிறேன். விடிந்த பிறகு கரண்ட் இருக்குமோ என்னவோ.